சிப்புக்குக் காசு கொடுத்தாச்சு, பிறகும் ராயல்டி எதற்கு?

கேள்வி இதுதான்: "போன் கம்பெனி குவால்காமிடம் சிப்பைக் காசு கொடுத்துத்தானே வாங்குகிறது? பிறகு காப்புரிமைக்கென்று தனியாக ஏன் ராயல்டி கேட்கிறார்கள்? அதையும் சிப் விலையில் கணக்கிடாமல் போன் விலையில் இத்தனை சதவீதம் என்று வாங்குவது என்ன நியாயம்? பத்தாயிரம் ரூபாய் போனிலும் லட்ச ரூபாய் போனிலும் ரேடியோ ஒன்றுதானே? இது சட்டப்படி செல்லுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் செல்லும் என்றார்கள். தென் கொரியாவில் செல்லாது என்றார்கள். இரண்டு இடத்திலும் கம்பெனி ஒன்றுதான் (அமெரிக்கச் சிப் கம்பெனியான குவால்காம்), ஒப்பந்த முறையும் ஒன்றுதான். எனவே "சட்டப்படி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் துறையைப் புரிந்துகொள்ள முடியாது. நான் கொஞ்ச காலம் போன் தயாரிப்பில் கொள்முதல் பக்கம் இருந்தவன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம்: ராயல்டி எவ்வளவு என்பதைக் காப்புரிமையின் தரம் தீர்மானிப்பதைவிட, யார் குடுமி யார் கையில் இருக்கிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் குடுமிப்பிடிக் கதைதான்.

முதலில் அடிப்படை. உங்கள் போன் எந்த நாட்டு டவரோடும் பேச வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே இலக்கணத்தில் பேச வேண்டும். அந்த இலக்கணத்தை எழுதுவது 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு. 1998-ல் தொடங்கியது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா ஆகியவற்றின் தரநிலை அமைப்புகள் இதில் பங்காளிகள். எரிக்சன், நோக்கியா, ஹுவாவே, குவால்காம் போன்றவர்கள் பொறியாளர்களை அனுப்பி, தங்கள் யோசனையைத் தரநிலையில் ஏற்ற வைக்கிறார்கள். யோசனை ஏறிவிட்டால், அதன்மேல் இருக்கும் காப்புரிமையைத் தொடாமல் 4ஜி, 5ஜி போன் யாராலும் செய்ய முடியாது. ஊருக்கு ஒரே பாலம், பாலத்தின் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சொந்தக்காரர் என்ற நிலை.

இது கழுத்தை நெரிப்பதில் போய் முடியும் என்று முன்பே தெரிந்ததால், தரநிலை அமைப்புகள் ஒரு வாக்குறுதி வாங்கிக்கொள்கின்றன. பிரான்சின் சோபியா ஆன்டிபோலிஸில் இருக்கும் ஐரோப்பிய அமைப்பான எட்சியின் விதிதான் இதில் முக்கியமானது. காப்புரிமைக்காரர் "நியாயமான, ஏற்கத்தக்க, பாகுபாடில்லாத" விதிமுறையில் உரிமம் தருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். துறையில் இதை ஃபிராண்ட் என்பார்கள். நியாயம் என்றால் எத்தனை ரூபாய் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. எட்சி விலை சொல்லாது. ஒருவர் "இது என் அத்தியாவசியக் காப்புரிமை" என்று அறிவித்தால், அது உண்மையிலேயே அத்தியாவசியம்தானா என்று சோதித்தும் பார்க்காது. கல்யாணப் பேச்சில் "எங்களால் முடிந்ததைச் செய்வோம்" என்று சொல்லி வைப்பது மாதிரிதான். சண்டை பிறகு வரும்.

இனி உங்கள் முதல் கேள்வி. உலகெங்கும் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பொதுவான கொள்கை உண்டு: காப்புரிமைக்காரர் ஒரு பொருளை விற்றுவிட்டால், அந்தப் பொருளைப் பொறுத்தவரை அவர் உரிமை தீர்ந்தது. வாங்கியவரிடம் மறுபடி கை நீட்ட முடியாது. 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குவான்டா - எல்ஜி வழக்கில் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அப்படியானால் குவால்காம் தன் சிப்பை விற்றவுடனே அதிலுள்ள காப்புரிமைக்கும் காசு வந்துவிட்டது என்றுதானே ஆக வேண்டும்? உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் குத்துகிறது. குவால்காம் அதற்குப் போட்ட வழி எளிமையானது: உரிமம் எடுக்காதவனுக்குச் சிப்பையே விற்பதில்லை. முதலில் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்து, பிறகுதான் சிப்புக்கு ஆர்டர். "உரிமம் இல்லையேல் சிப் இல்லை" என்று வழக்குகளில் பேர் வாங்கிய வழக்கம் இது. மற்ற உதிரி பாகக் கம்பெனிகள் யாரும் இப்படிச் செய்வதில்லை. திரை வாங்கினாலோ மெமரி வாங்கினாலோ விலைக்குள்ளேயே எல்லாம் அடக்கம்.

இதற்கு ஒரு ஜோடி வழக்கமும் உண்டு. மீடியாடெக், அன்றைய இன்டெல் போன்ற போட்டிச் சிப் தயாரிப்பாளர்களுக்குக் குவால்காம் முழு உரிமம் தருவதில்லை. கொடுத்தால், அவர்கள் விற்கும் சிப்போடு உரிமை தீர்ந்துவிடும். பிறகு போன் கம்பெனியிடம் போய்ப் போன் விலையில் சதவீதம் கேட்க முடியாது. சிப்பின் விலை சில டாலர்களிலிருந்து சில பத்து டாலர்கள்வரை. போன் விலை நூற்றுக்கணக்கில். எங்கே சுங்கச்சாவடி போட்டால் வசூல் கூடும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் அமெரிக்க வருமான வரித் துறையோடு நடந்த ஒரு கூட்டத்தில், போன் மட்டத்தில் உரிமம் கொடுப்பதுதான் பல மடங்கு லாபம் என்று குவால்காம் தரப்பே சொன்னது. அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகியிருந்தது. பின்னாளில் அதுவே நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிரான சாட்சியமாக வந்து நின்றது. வரிக்காரனிடம் உண்மையைச் சொன்னால் போட்டிச் சட்ட வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று யார் நினைத்திருப்பார்கள்!

இந்தப் பலம் குவால்காமுக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1985-ல் சான் டியாகோவில் இர்வின் ஜேக்கப்ஸும் ஆண்ட்ரூ விட்டர்பியும் மற்றவர்களோடு தொடங்கிய கம்பெனி அது. நம்மூரில் 2003 வாக்கில் 501 ரூபாய்க்கு ரிலையன்ஸ் போன் வந்து தெருத்தெருவாய் அடித்ததே, அந்த சிடிஎம்ஏ தொழில்நுட்பத்தை வணிகமாக்கியவர்கள். ஆரம்பத்தில் அவர்களே போனும் செய்தார்கள், டவர் கருவியும் செய்தார்கள். 1999-ல் டவர் பிரிவை எரிக்சனுக்கு விற்றார்கள், அந்த ஆண்டின் கடைசியில் போன் பிரிவையும் கியோசெராவுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். இதை நான் ஒரு பெரிய திருப்பமாகப் பார்க்கிறேன். போன் செய்கிறவன் இன்னொரு போன் செய்கிறவனிடம் ராயல்டி கேட்டால், "என் காப்புரிமையை நீயும்தான் பயன்படுத்துகிறாய், கணக்கை நேர் செய்துகொள்வோம்" என்று பதில் வரும். பழைய ஜிஎஸ்எம் (2ஜி) காலத்தில் மோட்டோரோலா, எரிக்சன், நோக்கியா எல்லோரும் அப்படித்தான் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள், பணம் பெரிதாகக் கை மாறவில்லை. போனே செய்யாதவனிடம் இந்தப் பேச்சு எடுபடாது. அவன் குடுமியைப் பிடிக்க உங்களிடம் கை இல்லை.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2024 நிதியாண்டில் குவால்காமின் சிப் பிரிவு சுமார் 3,320 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. வரிக்கு முந்தைய லாபம் நூற்றுக்கு 29 அளவில். உரிமப் பிரிவின் வருவாய் 557 கோடி டாலர்தான், ஆனால் லாபம் நூற்றுக்கு 72.

சரி, இதை யாருமே தட்டிக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். 2017 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. மூன்று நாள் கழித்து ஆப்பிள் தனியாக வழக்குப் போட்டது. ஆப்பிள் நேரடியாகக் குவால்காமோடு உரிம ஒப்பந்தம் வைத்திருக்கவில்லை. ஐபோனைப் பாகம் சேர்த்துத் தரும் ஃபாக்ஸ்கான், பெகாட்ரான், விஸ்ட்ரான், காம்பால் ஆகிய ஒப்பந்தத் தயாரிப்பாளர்கள்தான் குவால்காமுக்குக் கட்டுவார்கள், ஆப்பிள் அவர்களுக்கு ஈடு செய்யும். (ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் அதே ஃபாக்ஸ்கான்தான்.) சண்டை முற்றியதும் ஆப்பிள் அந்தப் பணத்தை நிறுத்திவிட்டது. இவர்களும் கட்டுவதை நிறுத்தினார்கள்.

2019 ஜனவரியில், ஆணையம் போட்ட வழக்கில், சான் ஹோசே நீதிமன்றத்தில் ஆப்பிளின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி ஜெஃப் வில்லியம்ஸ் சாட்சி சொன்னார். தள்ளுபடி எல்லாம் போக ஐபோனுக்கு 7.50 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் கணக்கில் 1.50 டாலர் போதும் என்று நினைத்தோம் என்றார். அந்த 1.50 எப்படி வந்தது தெரியுமா? 30 டாலர் மோடம் சிப்பில் (போனை டவரோடு பேச வைக்கும் சிப்) 5 சதவீதம். குவால்காம் சொன்ன சதவீதமும் 5-தான், ஆனால் போன் விலையில். சதவீதத்தில் தகராறே இல்லை, எதன்மேல் என்பதில்தான் முழுத் தகராறும். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியும் இதுதான்.

அந்த ஏப்ரல் 16-ல் ஆப்பிளும் குவால்காமும் சமாதானமாகிவிட்டன. சான் டியாகோவில் இந்த இருவருக்கும் இடையிலான வழக்கின் தொடக்க வாதம் நடந்துகொண்டிருந்தபோதே செய்தி வந்தது. ஆறு ஆண்டு உரிமம், பல ஆண்டுகளுக்குச் சிப். அந்த ஒப்பந்தத்தால் குவால்காமின் கணக்கில் ஒரே காலாண்டில் 450 கோடி டாலருக்கு மேல் ஏறியது. அன்றைக்கே இன்டெல், 5ஜி போன் மோடம் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. காரணம் மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும்: ஆப்பிளுக்கு 5ஜி ஐபோன் வேண்டும், இன்டெலின் மோடம் தயாராகவில்லை. எவ்வளவு பெரிய வக்கீல் படை இருந்தாலும், சிப் இல்லாமல் போன் விற்க முடியாது.

அடுத்த மாதம், 2019 மே 21 அன்று, ஆணையத்தின் வழக்கில் நீதிபதி லூசி கோ 233 பக்கத் தீர்ப்பு எழுதினார். குவால்காம் போட்டிச் சட்டத்தை மீறியது, சிப் சப்ளையை உரிமத்தோடு கட்டிப்போடக் கூடாது, போட்டியாளர்களுக்கும் நியாயமான விலையில் உரிமம் தர வேண்டும் என்று உத்தரவு. இங்கே ஒரு வேடிக்கை. அமெரிக்க அரசின் ஓர் ஆணையம் வென்ற வழக்கில், அதே அரசின் நீதித் துறை எதிர்ப்பக்கம் போய் நின்றது. ராணுவத் துறையும் எரிசக்தித் துறையும்கூடக் குவால்காம் பலவீனப்பட்டால் 5ஜியில் நாட்டுப் பாதுகாப்புக்கே ஆபத்து என்று எழுதிக் கொடுத்தன. 2020 ஆகஸ்ட் 11 அன்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கோவின் தீர்ப்பை ரத்து செய்தது. போட்டியாளருக்கு உரிமம் தந்தே தீர வேண்டும் என்று போட்டிச் சட்டம் சொல்லவில்லை. ஃபிராண்ட் வாக்குறுதியை மீறினார்களா என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பாடு. கடுமையாகப் போட்டி போடுவது குற்றமல்ல. 2021 மார்ச்சில் ஆணையம், உச்ச நீதிமன்றம் போவதில்லை என்று கைவிட்டது.

கொரியாவின் போட்டி ஆணையம் அதே வழக்கங்களுக்காக 2016 டிசம்பரில் 1.03 டிரில்லியன் வொன் அபராதம் போட்டது. குவால்காம் வழக்காடியது. 2023 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. சாம்சங்கும் எல்ஜியும் கொரியக் கம்பெனிகள், குவால்காம் அமெரிக்கக் கம்பெனி என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நீதிபதிகள் நாட்டுப் பற்றோடு தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வாதம் எந்த ஊரில் எடுபடுகிறது என்பதற்கு ஒரு மண்வாசனை இருக்கிறது.

சீனாவில் நடந்தது இன்னும் நேரடியானது. 2015 பிப்ரவரியில் அங்குள்ள வளர்ச்சி, சீர்திருத்த ஆணையம் 97.5 கோடி டாலர் அபராதம் போட்டதோடு விலையையே பேசி இறக்கியது: சீனாவில் விற்கும் போன்களுக்கு, 3ஜி என்றால் 5 சதவீதம், 4ஜி மட்டும் என்றால் 3.5 சதவீதம். அதுவும் போனின் முழு விலையில் அல்ல, 65 சதவீத விலையில். மொத்த விற்பனை விலை 1,000 யுவான் என்றால் 650-ஐ எடுத்துக்கொண்டு அதில் 5 சதவீதம், அதாவது 32.50 யுவான். அந்த 65 எந்தப் பொருளாதாரச் சூத்திரத்திலிருந்து பிறந்தது என்று தேட வேண்டாம். சந்தையில் துண்டுக்குள் கை வைத்து விரல் பிடித்து மாட்டு விலை பேசுவார்களே, அதுதான். சீனாவின் கையில் இருந்த குடுமி, உலகின் மிகப் பெரிய போன் சந்தை.

இப்போது போன் விலையில் சதவீதம் என்ற விஷயத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியை நம் நாட்டுப் போட்டி ஆணையமே கேட்டது. 2013-ல் எரிக்சன்மேல் இந்திய போன் கம்பெனியான மைக்ரோமேக்ஸ் கொடுத்த புகாரில் ஆணையம் சொன்ன உதாரணம் எளிமையானது: 100 ரூபாய் போனில் இருக்கும் ஜிஎஸ்எம் சிப்புக்கு ராயல்டி 1.25 ரூபாய், அதே சிப் 1,000 ரூபாய் போனில் இருந்தால் 12.50 ரூபாய். போனின் மற்ற அம்சங்களுக்கும் காப்புரிமைக்கும் சம்பந்தம் இல்லாதபோது இது எப்படி நியாயம்? கேமராவுக்கும் தங்க முலாமுக்கும் சேர்த்து ரேடியோக்காரன் பங்கு கேட்பதா என்பதுதான் விஷயம்.

காப்புரிமைக்காரர்களின் பதில் என்ன? மோடம் இல்லாவிட்டால் அந்த லட்ச ரூபாய்ப் பெட்டி வெறும் கேமராதான், ஊர் முழுக்க இணையத்தில் இருக்க முடிவதால்தான் அந்தக் கேமராவுக்கே அவ்வளவு விலை என்கிறார்கள். இன்னொன்று, காப்புரிமை சிப்பில் மட்டும் இல்லை. ஆன்டெனா, மென்பொருள், போனும் டவரும் பேசும் முறை எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தவிர, மலிவு போனுக்கும் விலையுயர்ந்த போனுக்கும் ஒரே தொகை என்று வைத்தால் அடிபடுவது மலிவு போன்தான். 5,000 ரூபாய் போனில் 300 ரூபாய் ராயல்டி என்றால் அந்தப் போனே வராது. சதவீதம் வைத்தால் பணக்காரன் கூடக் கட்டுகிறான். இந்தக் கோணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் மாதிரி நாட்டுக்கு அது முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைமுறையில் உச்சவரம்பு வந்துவிட்டது. குவால்காம் அறிவித்த 5ஜி விகிதம், பல தலைமுறை வேலை செய்யும் போனுக்கு அத்தியாவசியக் காப்புரிமை மட்டும் என்றால் 3.25 சதவீதம். ஆனால் போன் விலையில் 400 டாலருக்கு மேல் உள்ளதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே அதிகபட்சம் 13 டாலர். லட்ச ரூபாய் போனும் அதே 13-தான். மற்றவர்கள் சதவீதத்தையே விட்டுவிட்டு நேராகத் தொகை சொல்கிறார்கள். எரிக்சன் போனுக்கு 2.50 முதல் 5 டாலர்வரை, நோக்கியா 3 யூரோவரை, ஹுவாவே 2.50 டாலர்வரை. இவை கடையில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி மாதிரி. அதே விலைக்கு யாரும் வாங்குவதில்லை. உண்மை விலை ரகசிய ஒப்பந்தங்களில் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் மிக எரிச்சலான பகுதி இதுதான்: எதிர்த்தரப்புக்குச் சந்தை விலை தெரியும், உங்களுக்குத் தெரியாது. அடுத்த கம்பெனி எவ்வளவு கட்டுகிறது என்று கேட்டால் புன்னகை மட்டும் கிடைக்கும். பிறகு பாகுபாடில்லாமை என்ற வாக்குறுதியை எப்படிச் சோதிப்பது?

கேட்கும் விலைக்கும் நீதிமன்றம் சொல்லும் விலைக்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். 2010-ல் மோட்டோரோலா, வைஃபை, வீடியோக் காப்புரிமைகளுக்காக எக்ஸ்பாக்ஸ் போன்ற பொருட்களின் விலையில் 2.25 சதவீதம் கேட்டு மைக்ரோசாஃப்டுக்குக் கடிதம் எழுதியது. மைக்ரோசாஃப்டின் கணக்கில் அது ஆண்டுக்கு 400 கோடி டாலர். சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட் 2013 ஏப்ரலில் ஒவ்வொரு துணுக்காக எடைபோட்டுச் சொன்ன விலை: வைஃபைக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன்றுக்கு 3.471 சென்ட், வீடியோவுக்கு 0.555 சென்ட். ஆண்டுக்கு ஏறத்தாழ 18 லட்சம் டாலர்.

இதைப் படித்துவிட்டு, காப்புரிமைக்காரர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மறுபக்கத்து வித்தையும் உண்டு. நியாயமாகக் கட்ட வேண்டிய கம்பெனி, கடிதத்துக்குப் பதில் போடாது, விவரம் கேட்கும், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆறு மாதம் இழுக்கும், வழக்கு வந்தால் ஒவ்வொரு காப்புரிமையும் செல்லாது என்று எதிர்வழக்குப் போடும். இதற்கிடையில் கோடிக்கணக்கில் போன் விற்றுவிடும். டெல்லி உயர் நீதிமன்றத்தில் எரிக்சன் - லாவா வழக்கு 2015-ல் தொடங்கி 2024 மார்ச்சில்தான் தீர்ப்பானது. லாவா 244 கோடி ரூபாய் தர வேண்டும், விகிதம் போனின் நிகர விற்பனை விலையில் 1.05 சதவீதம் என்றது நீதிமன்றம். ராயல்டியைச் சிப் விலையில்தான் கணக்கிட வேண்டும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. தீர்ப்பு வந்தபோது அந்தக் காலத்து இந்திய போன் பிராண்டுகளின் சந்தை ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. போட்டி ஆணையத்தின் கேள்விக்கும் பதில் வராமலே போனது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, உரிமம் பற்றிய புகாரைக் காப்புரிமைச் சட்டம்தான் பார்க்கும், போட்டி ஆணையம் விசாரிக்க முடியாது என்று கதவைச் சாத்தியது.

இந்திய வழக்குகளில் எனக்கு மிகப் பிடித்தது 2014 டிசம்பரில் நடந்தது. ஷாவ்மி இங்கே நுழைந்து சில மாதங்கள்தான். எரிக்சன் வழக்குப் போட, டிசம்பர் 8 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஷாவ்மியின் விற்பனைக்கே தடை போட்டது. எட்டு நாள் கழித்து இரு நீதிபதிகள் அமர்வு ஒரு வழி சொன்னது: குவால்காம் சிப் உள்ள போன்களை விற்கலாம், போனுக்கு 100 ரூபாய் டெபாசிட் கட்டு. ஆகவே குவால்காம் சிப் கொண்ட ரெட்மி 1எஸ் கடைக்குத் திரும்பியது. மீடியாடெக் சிப் கொண்ட ரெட்மி நோட் வெளியே நின்றது. காரணம், எரிக்சனிடம் குவால்காம் உரிமம் வைத்திருக்கிறது, அதனால் அந்தச் சிப்பில் எரிக்சனின் உரிமை தீர்ந்துவிட்டது என்பது ஷாவ்மியின் வாதம். கவனித்தீர்களா? மற்றவர்களின் காப்புரிமைக்குக் குவால்காம் சிப் ஒரு குடையாக நிற்கிறது. குவால்காமின் சொந்தக் காப்புரிமைக்கு மட்டும் அந்தக் குடை கிடையாது.

தடை உத்தரவு என்பது எவ்வளவு பெரிய குடுமி என்பதை ஜெர்மனியில் பார்க்கலாம். அமெரிக்காவில் 2006-ல் வந்த ஈபே தீர்ப்புக்குப் பிறகு காப்புரிமை வழக்கில் விற்பனைத் தடை கிடைப்பது கஷ்டம். ஜெர்மனியில் மீறல் நிரூபணமானால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நோக்கியாவோடு ஓப்போவின் பழைய உரிமம் 2021-ல் முடிந்தது, புதுப்பிக்க விலை ஒத்துவரவில்லை. மன்ஹெய்மிலும் மூனிக்கிலும் நோக்கியா வென்றது. 2022 ஆகஸ்டில் ஓப்போவும் ஒன்பிளஸும் ஜெர்மனியில் போன் விற்பதையே நிறுத்தின. கட்டுவதைவிடக் கடையை மூடுவது மேல் என்று கணக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில்தான் சமாதானம். எந்த நாட்டில் வழக்குப் போடுவது என்பதே இந்தத் தொழிலில் பாதி வேலை. தடை வேண்டுமானால் ஜெர்மனி, உலகம் முழுமைக்குமான விலை வேண்டுமானால் லண்டன். 2020 ஆகஸ்டில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அன்வயர்டு பிளானட் - ஹுவாவே வழக்கில், உலக உரிமத்தின் விலையை எங்கள் நீதிமன்றமே நிர்ணயிக்கலாம் என்றது. சீனா சும்மா இருக்குமா? அடுத்த மாதமே ஊஹான் நீதிமன்றம், ஷாவ்மிமேல் இன்டர்டிஜிட்டல் என்ற காப்புரிமைக் கம்பெனி டெல்லியில் போட்ட வழக்கை நடத்தக் கூடாது, மீறினால் நாளுக்கு 10 லட்சம் யுவான் என்று உத்தரவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடைக்கு ஒரு தடை போட்டது. 2021 மே மாதம் அதை உறுதியும் செய்தது. தடையைத் தடுக்கும் தடை! இந்தியாவில் அதுவே முதல் முறை.

அப்படியாவது நீதிமன்றத்தில் "சரியான" விலை கிடைத்துவிடுமா என்று கேட்டால், ஆப்டிஸ் என்ற காப்புரிமைக் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கைக் காட்டுவேன். 2023-ல் லண்டனில் கீழ் நீதிமன்றம் ஆப்பிள் தர வேண்டியது 5.6 கோடி டாலர் என்றது. 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே காப்புரிமைத் தொகுப்புக்கு 50.2 கோடி டாலர் என்றது. வட்டி தனி. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதே நாடு, அதே ஆவணங்கள்.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் நேரடிக் கருத்து: சிப் விலை வேறு, காப்புரிமை விலை வேறு என்று பிரித்து வாங்குவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆராய்ச்சிக்குக் காசு எங்கிருந்தாவது வர வேண்டும். என் ஆட்சேபம், உரிமத்தின் விலையைப் பேசும் மேசையில் சிப் சப்ளையைக் கத்தியாக வைப்பதில். விலை கூடுதல் என்று நினைக்கும் போன் கம்பெனி நீதிமன்றம் போகலாம் என்று ஒன்பதாம் வட்டம் சொன்னது. போகலாம்தான். ஆனால் வழக்கு முடிய ஐந்து வருடம், சிப் தீர ஐந்து வாரம்.

இதற்கு ஒரே மருந்து சிப்பைத் தானே செய்துகொள்வதுதான் என்று ஆப்பிள் முடிவெடுத்தது. 2019-ல் இன்டெலின் மோடம் பிரிவை 100 கோடி டாலருக்கு வாங்கி, 2025 பிப்ரவரியில் ஐபோன் 16இ-யில் தன் சொந்த மோடமான சி1-ஐ வைத்தது. அந்தப் போனில் குவால்காமின் மோடம் இல்லை. ஆனால் ஆப்பிளின் குவால்காம் உரிமம் 2027 மார்ச்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சி1 உள்ள போனுக்கும் ராயல்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும்: அந்த உரிமத்தைப் புதுப்பிக்க அடுத்து உட்காரும்போது, "சிப் தர மாட்டேன்" என்ற வாக்கியத்துக்கு அந்த மேசையில் பழைய பலம் இருக்காது. அப்போது 7.50 என்ற பழைய எண் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்க்க நானும் காத்திருக்கிறேன்.